இடப்பக்க இருக்கை

ஜூலை 6, வியாழன்

கோரலி சமையல் மேசையில் நியூசிலாந்து வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் சாஸ் பாட்டில், டீக்கோப்பை என்று கனத்துக்கு வைத்திருக்கிறாள். தென் தீவு மட்டும்தானாம். அதற்குப் பதினெட்டு நாளாம். கிரைஸ்ட்சர்ச்சில் இறங்கி வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, "நிதானமா சுத்திட்டு வரலாம் டெஸ்" என்கிறாள். நாங்கள் இருவரும் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை. அவள் திட்டப்படி ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். எங்கள் ஊர் லாங்ரீச்சில் இருக்கிறவன் பல் பிடுங்கிக்கொள்ளவே அதைவிடத் தூரம் போவான். இவள் போகிற வேகத்துக்கு எறும்பு முந்திக்கொண்டு போய் அறை பிடித்துவிடும்.

முப்பத்தெட்டு வருஷம் ரோட் டிரெயின் ஓட்டியவன் நான். ஒரு லாரிக்குப் பின்னால் மூன்று டிரெய்லர், ஐம்பத்து மூன்று மீட்டர், நிறைய மாடு, வடகோடியில் டார்வின் வரைக்கும். ஒற்றைத் தார்ச்சாலையில் எதிரே யார் வந்தாலும் அவர்கள்தான் மண்ணில் இறங்கி எனக்கு வழி விட வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எனக்கு நிதானம் சொல்லித்தர வந்துவிட்டாள் என் பெண்டாட்டி, பள்ளி அலுவலகத்தில் வருகைப்பதிவு எழுதினவள்.

இதை எழுதுவது லாரிக்காரர்களுக்குக் கொடுக்கிற வேலைப் புத்தகத்தில். ஓட்டிய நேரம், ஓய்ந்த நேரம் என்று கட்டம் போட்டிருக்கும். மார்ச்சோடு நின்றுபோனதில் பாதிப் பக்கம் மிச்சம். கட்டத்தைக் கண்டுகொள்ளாமல் குறுக்கே எழுதுகிறேன்.

ஜூலை 9, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோரலியின் தங்கை வெண்டி வந்திருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். மார்ச்சில் நடந்ததைக் கிளறினாள்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். மார்ச்சில் எடைமேடை பக்கத்தில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கியவன் அப்படியே விழுந்தேன். நாலு நிமிஷம் நினைவில்லை. டாக்டர் ஒரு சின்னப் பெண், முகப்பரு இன்னும் ஆறவில்லை. ஸ்கேன் படத்தைக் காட்டி, "வலிப்புதான் இது. லாரி இனிமே கெடையாது. காரைக்கூட ஒரு வருஷத்துக்குத் தொடாதீங்க. லைசன்ஸைக் கொண்டுபோய் ஒப்படைச்சிடுங்க" என்றாள். மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். லைசன்ஸ் பர்சில்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து கோரலி ஓட்டுகிற காரில் நான் ஏறவில்லை. கிளப்புக்கு நாலு கிலோமீட்டர் நடந்து போகிறேன், நடந்து வருகிறேன். ஊரே பார்க்கிறது. பார்க்கட்டும்.

"அவ பக்கத்துல ஒக்காந்து போனா ஒனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?" என்றாள் வெண்டி.

"அவ ஓட்டுறதுக்கு நடந்தே போனா சீக்கிரம் போய்ச் சேந்துடலாம்."

வெண்டி சிரித்தாள். கோரலி சிரிக்கவில்லை. முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நியூசிலாந்துலயும் நடந்துதான் வருவியா? வர்றதுன்னா என் பக்கத்துல ஒக்காந்து வா. இல்லைன்னா வெண்டியைக் கூட்டிட்டுப் போறேன். இந்த மாசத்துக்குள்ள சொல்லிடு."

ஜூலை 12, புதன்

வெண்டி வழிகாட்டிப் புத்தகம் மூன்று கொடுத்தனுப்பியிருக்கிறாள். மூன்றிலும் அதே ஏரி, அதே ஊதாப்பூ, அதே பல்லிளிக்கிற ஜோடி.

ஜூலை 20, வியாழன்

இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? அங்கே என்னை யாருக்குத் தெரியும்?

லைசன்ஸில் ஒரு கீறல் கிடையாது. வாடகைக் கார்க்காரன் அட்டையைப் பார்ப்பான், சாவியைக் கொடுப்பான். விமான நிலையத்தை விட்டு வெளியே வருகிற வரைக்கும் கோரலி ஓட்டட்டும், ஆசைக்கு. அதற்குள் வளைவும் சரிவும் வந்து முகம் வெளுத்துவிடும். "நகரு, பத்து நிமிஷம் நான் பாக்கறேன்" என்றால் போதும், கும்பிட்டுக் கொடுத்துவிடுவாள். மார்ச்சுக்குப் பிறகு வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை. மாத்திரை போடுகிறேன். அந்த முகப்பருவுக்கு என்ன தெரியும்?

வழியை நான் வேறு மாதிரி போட்டிருக்கிறேன். நூறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. முதல் நாளே கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து மேற்குக் கரையில் ஹாஸ்ட் வரை ஐந்நூற்று எழுபது. மதியம் கழிந்து கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். மொத்தத் தீவையும் அஞ்சு நாளில் முடித்துவிட்டு, மிச்ச நாள் ஒரே இடத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்காரலாம். அதுதான் நிதானம்.

ஜூலை 27, வியாழன்

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோரலி கழுத்தைக் கட்டிக்கொண்டாள், ஈரக் கையோடு. சட்டை நனைந்துவிட்டது. "வழியும் தங்கற எடமும் நீயே பாத்துக்க டெஸ். ஒனக்குத்தானே வழி தெரியும்" என்றாள்.

அப்படியே நம்பிவிட்டாள். முப்பத்தாறு வருஷம் கூட இருந்தும் ஆளை அளக்கத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஹாஸ்டில் ஒரு விடுதிக்குப் போன் போட்டேன். எடுத்தவள் பெயர் நைரி. விடுதி அவளுடையதாம். அக்டோபர் ஆறாம் தேதிக்கு அறை வேண்டும், காலையில் கிரைஸ்ட்சர்ச்சில் இறங்கி நேரே வருகிறோம் என்றேன். அவள் சிரித்தாள்.

"பெரியவரே, நீங்க எந்த ஊரு?"

"குயின்ஸ்லாந்து."

"அதானே பாத்தேன். ஐந்நூத்தி எழுபதுன்னா ஆறு மணி நேரத்துக்குள்ளன்னு கணக்குப் போட்டிருப்பீங்க. உங்க ஊர்க்காரங்க அத்தனை பேரும் இதே கணக்குதான். இருட்டினப்புறம் வந்து சேருவாங்க, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கும். சில பேரு வந்தே சேர்றதில்ல."

"முப்பத்தெட்டு வருஷம் ரோட் டிரெயின் ஓட்டியிருக்கேன்மா."

"அது நேர் கோடு. இங்க ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு. கொஞ்சம் ஓரமா எறங்கிக்கலாம்னு பாத்தா ஓரமே கெடையாது. பாதி பாலத்துல ஒரு வண்டிதான் போகும், நின்னு வழி விடணும். யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"அப்போ அறை கெடையாது. வழியில வானாக்கால ஒரு ராத்திரி படுத்துத் தூங்கிட்டு மறுநாள் வாங்க, தர்றேன்."

வைத்துவிட்டாள். காசு கொடுத்துத் தங்க வருகிறவனிடம் இந்தப் பேச்சு. கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகிற தீவு, அதில் ஒரு விடுதி, அதற்கு ஒரு மகாராணி.

ஆகஸ்ட் 4, வெள்ளி

பெரியவராம்.

ஆகஸ்ட் 19, சனி

கோரலியும் வெண்டியும் காலையிலேயே பார்கால்டினுக்குப் பந்து உருட்டும் போட்டிக்குப் போனார்கள். அஞ்சு மணிக்கு வருவார்கள். இப்போது மணி ரெண்டு.

வண்டி ஓட்டிப் பழகிக்கொள்ளத்தான் போனேன். கொட்டகையிலிருந்து பழைய பிக்கப்பை எடுத்தேன். மாட்டுப்பாதை வழியாகத் தெற்கே. கை எதையும் மறக்கவில்லை. கால் மணி நேரம் ராஜா மாதிரி போனேன். பாட்டுக்கூடப் பாடினேன்.

அப்புறம் வண்டி ஒரு மேய்ச்சல் காட்டுக்கு நடுவில் நிற்கிறது. என்ஜின் அணைந்திருக்கிறது. வேலிக்கம்பி முன்னால் சுற்றிக்கொண்டு கிடக்கிறது, ஒரு கம்பம் சக்கரத்துக்கு அடியில். வாயெல்லாம் ரத்தம். நாக்கைக் கடித்திருக்கிறேன். ரோட்டைத் திரும்பிப் பார்த்தால் முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. புல்லில் ரெண்டு கோடு, கோணல் இல்லாமல் நேராக வந்திருக்கிறது. பிரேக் போட்ட தடமே இல்லை. மணிக்கட்டுக் கடிகாரத்தில் பதினோரு நிமிஷம் காணோம்.

தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம். அதிகாலையில் எழுந்தது, வெயில் ஏறியது — யாருகிட்ட சொல்றது? எனக்கே நானா?

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தேன். பதினோரு கிலோமீட்டர். ஸ்டியரிங்கைத் தொடப் பயமாக இருந்தது. எழுதிவிட்டேன், பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் மோதிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மரம் இல்லை, பள்ளம் இல்லை, ஆள் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொம்பளை சொன்ன ரோட்டில், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் ஆறு என்றாளே, அங்கே இது வந்திருந்தால் இடப்பக்கம் கோரலி இருந்திருப்பாள். மடியில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏரியைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

சீ. என்ன மனுஷன்டா நீ.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் அவள் வந்ததுமே எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை மட்டுமல்ல, லைசன்ஸ் பர்சில் இருப்பது, அங்கே நான் ஓட்டுவதாக இருந்தது, எல்லாம். அவள் உட்காரவே இல்லை. கைப்பை தோளில் தொங்க நின்றபடியே கேட்டாள்.

"எப்ப முடிவு பண்ணினே?"

"ஜூலைல."

"நான் கழுத்தைக் கட்டிக்கிட்டேனே, அப்பவே?"

"அப்பவே."

"என் பக்கத்துல ஒக்காந்து வர்றது ஒனக்குக் கேவலம். அதுக்கு நான் செத்தாலும் பரவால்லைன்னு இருந்திருக்கே."

அப்படி நினைக்கவில்லை என்றேன். நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அதுதான் இன்னும் மோசம் என்றாள். வரைபடத்தை மடித்தாள், அது பழைய மடிப்பில் வரவில்லை. அப்படியே அலமாரியில் திணித்துவிட்டுப் படுக்கப் போனாள்.

ஆகஸ்ட் 26, சனி

உப்பு வேணுமா, மாத்திரை போட்டாச்சா — இந்த வாரம் முழுக்க இவ்வளவுதான் பேச்சு.

செப்டம்பர் 5, செவ்வாய்

லைசன்ஸைக் கொடுத்துவிட்டேன். போக்குவரத்து அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் ஏதோ நூலகப் புத்தகம் திரும்பி வந்த மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டு, "வேற ஏதாச்சும் உண்டா?" என்றாள். வேற என்ன இருக்கிறது? முப்பத்தெட்டு வருஷத்தை உன் டப்பாவில் போட்டாய், போதாதா? வாசலில் கோரலியின் கார் நின்றது. நான் அங்கே போவதை அவளிடம் சொல்லவில்லை. பழக்கடைக்கு வந்தவள் பார்த்திருக்கிறாள். இடப்பக்கக் கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தாள்.

ஏறினேன். வீடு வரைக்கும் அறுபதைத் தாண்டவில்லை அவள். பின்னால் நாலு வண்டி வரிசை கட்டியது. நான் பக்கக் கண்ணாடியில் எண்ணிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

ராக்ஹாம்ப்டனில் நரம்பு டாக்டர். மாத்திரையை மாற்றியிருக்கிறார். போக எழுநூறு, வர எழுநூறு, ரெண்டும் அவள்தான் ஓட்டினாள். ஈமு தூரத்தில் தெரிந்தால்கூடப் பிரேக். லாரியை முந்துவதற்கு முன்னால் ஒரு யுகம் யோசனை. என் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தொடை பிடித்துக்கொண்டது.

வழியில் எமரால்டில் பெட்ரோல் போடும்போது, "இந்த ரோட்டுல நான் எத்தனை தடவை வந்திருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றாள். எங்கள் மகள் ஷெர்லியின் காதுக்கு வைத்தியம் பார்த்த ரெண்டு வருஷமும் மாதத்துக்கு ஒரு தடவை, பின்சீட்டில் அழுகிற பிள்ளையோடு, தனியாக. நான் அப்போது டார்வின் ரோட்டில் இருந்தேன். அம்மாவும் மகளும் பஸ்ஸில் போய்வருகிறார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஹாஸ்டுக்குப் போன் போட்டேன்.

"வானாக்கால தங்கிட்டு மறுநாள் வர்றோம். நூத்தி நாப்பது கிலோமீட்டர்."

"யாரு ஓட்டறது?" என்றாள் நைரி. வேறு கேள்வியே தெரியாது அவளுக்கு.

"என் பொண்டாட்டி."

"அப்ப வாங்க."

வேண்டாவெறுப்பாகத் தாளில் எழுதி, கோரலியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாளொன்றுக்கு நூற்றைம்பது, பதினெட்டு நாள், அவள் முதலில் போட்ட அதே திட்டம். ஒரு எழுத்து மாற்றவில்லை. அவள் படித்தாள். இன்னும் சிரிக்கவில்லை. "மழைக் கோட்டு வாங்கணும்" என்றாள்.

அக்டோபர் 9, திங்கள். ஹாஸ்ட்

நைரி நான் நினைத்ததைவிடக் குள்ளம், வாய் மட்டும் போனில் கேட்ட அளவே இருக்கிறது. கோரலியைப் பார்த்து, "நீதான் ஓட்டினியா? உள்ள வாம்மா" என்றாள். நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ரோடு அவள் சொன்ன மாதிரியேதான். ரோடா அது? மலையில் நாடாவைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான்கள். கணவாய் தாண்டி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோரலி நாற்பதில் உருட்டினாள். வளைவுக்கு வளைவு பிரேக், அதுவும் வளைவுக்குள்ளே போய்ப் போடுகிறாள். முன்னாடியே போடணும் என்று யார் சொல்லித்தருவது? வாயைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவுதான் தெரியும். கன்னத்தில் கை. கார் சரளைமேட்டில் நிற்கிறது, விளக்கெல்லாம் மினுக்கிக்கொண்டிருக்கிறது. கோரலி என் பக்கமாகத் திரும்பி முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"டெஸ். டெஸ். தூக்கமா? இல்ல அதுவா?"

நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன். கடிபடவில்லை. கடிகாரம் பார்த்தேன். அவள் என் பெயரைச் சொன்னது முதல் தடவையிலேயே காதில் விழுந்தது.

"தூக்கந்தான்."

"நெஜமா?"

"நெஜமா. தூங்கிட்டேன்."

அவள் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கண்ணாடி பார்த்து, விளக்குப் போட்டு, மறுபடி ரோட்டில் ஏறினாள். அவள் பயப்படக் கூடாது என்று இமையைப் பிடித்து விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த பாலம் வருவதற்குள் மறுபடியும் தூங்கிப்போனேன்.