எதிர்ப்பக்கத்துச் சாட்சி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நீயும் அப்பாவும் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றிக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

ஆவணக் காப்பக வேலை நன்றாகப் பிடிபட்டுவிட்டது. பழைய போரில் நம் விமானிகள் "சுட்டு வீழ்த்தினேன்" என்று சொன்னதையெல்லாம் எதிரிப் படையின் இழப்புப் பதிவோடு ஒப்பிட்டு, எது நிஜம் என்று சொல்ல வேண்டும்.

நேற்று ஒரு விமானியின் மகள் வந்தார். அவர் அப்பா வீழ்த்தியதாகச் சொன்ன விமானம் பத்திரமாகத் தரையிறங்கியிருக்கிறது என்று நான் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு."

"பொய் இல்லைங்க. புகையோட மேகத்துக்குள்ள மறைஞ்சா, விழுந்துடுச்சுன்னுதான் யாருக்கும் தோணும்."

"அப்ப அந்த விமானத்துல இருந்த மனுஷன் உயிரோட வீட்டுக்குப் போனாரா?" என்று கேட்டார். போயிருக்கிறார். அந்தப் பதிவின் நகலை வாங்கி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் நம்பாதிருப்பதுதான் எங்கள் தொழில். அதனால் உன் முழங்கால் வலி போய்விட்டதா என்று அப்பா எழுதட்டும்; அவர் இருமல் நின்றதா என்று நீ எழுது. என் பழைய போர்வையையும் அனுப்பு. புதிது வேண்டாம், துவைக்கவும் வேண்டாம்.

தபால் நேரமாகிவிட்டது. நானும் சௌக்கியம்தான். அதைச் சரிபார்க்கத்தான் இங்கே ஆள் இல்லை.

உன் மகள்