கடலோடு போனவர்களின் பக்கம்

ஒக்ரோபர் 14, செவ்வாய்

காலையில் மழை. பாலாவி தாண்டியதும் வெயில். பஸ்ஸில் இடமில்லை, கற்பிட்டி வரை நின்றபடி. சந்தியில் கழுதை ஒன்று வீதியின் நடுவில் நின்றது. த்ரீவீல்காரர் இறங்கி அதனோடு கதைத்துத்தான் வழி எடுத்தார்.

கோயில் பதிவேடுகளை அட்டவணைப்படுத்தும் வேலையில் இரண்டாவது கிழமை. மீன்பிடிக்கிற ஊரின் சின்னக் கத்தோலிக்கக் கோயில், ஆனால் பழைய புத்தகங்கள் நிறைய. பீடத்துக்குப் பின் அறையில் இரண்டு அலுமாரி நிறைய. இன்று அட்டவணையில் ஏற்றியவை:

ஞானஸ்நானப் புத்தகம் – 4. (ஒன்றின் முன்பக்கம் போர்த்துக்கீசமா, லத்தீனா? யாரையாவது கேட்க வேண்டும்.)
கலியாணப் புத்தகம் – 2. எலி கடித்திருக்கிறது.
மரணப் புத்தகம் (இனி ம.பு.) – 1. எல்லாவற்றிலும் பெரியது. முதுகு கழன்று நூலில் தொங்குகிறது.

ம.பு.வைப் பற்றிப் போன கிழமையே பாதருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உப்புக் காற்று, ஈரம், கறையான். இங்கே வைத்திருக்காமல் குளிரூட்டிய அறை உள்ள இடத்துக்கு மாற்றுவது நல்லது. எங்கே போனாலும் எழுதுகிற சிபாரிசுதான்.

பிலோமினாக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். கோயிலைக் கூட்டித் துடைப்பவர். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளி, "கடைப் பிஸ்கட்தான் மிஸ், நீங்க சாப்பிடலாம்" என்றார். நான் முஸ்லிம் என்று தெரிந்த முதல் நாளிலிருந்து தினமும் இதே வசனம்.

குடை பஸ்ஸில் போய்விட்டது.

ஒக்ரோபர் 17, வெள்ளி

காற்று. ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது.

மூப்பர் சவேரி வந்தார். கோயில் காரியங்களைப் பார்ப்பவரை இங்கே மூப்பர் என்கிறார்கள். வயதானவர் இல்லை, ஐம்பது இருக்கும். போட் எஞ்சின் திருத்துவது தொழில். கிரீஸ் கையோடு ம.பு.வைத் திறந்துவிட்டார். 

"கையைத் துடைச்சிட்டுத் தொடுங்களேன்."

"துடைச்சதுதான் மிஸ். இது போகாது."

கடைசிப் பக்கங்களைக் காட்டினார். அவை சுவாமிமார் (பாதர்மார்) எழுதியவை அல்ல. கடலில் போய் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள். அடக்கம் இல்லாததால் முன்பக்கங்களில் எழுத முடியாது. ஆகவே மூப்பராக இருப்பவர் பின்னால் எழுதிவைப்பார். பல கையெழுத்து, பல மை, கடைசியில் போல்பொயின்ட். ஒவ்வொரு வருடமும் ஆத்துமாக்கள் திருநாளன்று புத்தகத்தைச் சேமக்காலைக்கு (இவர்களின் கல்லறை நிலம்) கொண்டுபோய், சிலுவை நிற்கும் குருசடியில் வைத்து, இந்தப் பெயர்களை உரத்து வாசிப்பார்களாம்.

"திறந்த வெளியிலயா?"

"பின்ன? அவங்க கடல்லதானே கிடக்கிறாங்க."

அட்டவணையில் இப்படிப் போட்டேன்: 'பின்பக்கங்கள் – பிற்சேர்க்கை. பதிவு சாராதது.' வேறு எப்படிப் போடுவது?

ஒக்ரோபர் 21, செவ்வாய்

வாங்க வேண்டியவை: அமிலமில்லாத தாள் (கொழும்பில்தான்), பருத்தி நாடா, மென்தூரிகை, உம்மாவின் பிரஷர் மருந்து.

பிலோமினாக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். போகவில்லை.

"மிஸ், என்ட மனுசன் எந்த இலக்கத்தில இருக்கிறார்?"

பின்பக்கத்தில் கடைசிப் பெயர் அவருடைய கணவர். அதுவரை எனக்குத் தெரியாது. நாலு வருடங்களுக்கு முன் போன ஆள். போட் மட்டும் பத்தலங்குண்டுத் தீவுப் பக்கம் ஒதுங்கியதாம். எல்லாவற்றையும் பூக்கன்று பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

தனி இலக்கம் இல்லை, எல்லாரும் ஒரே இலக்கத்தில் என்றேன். அட்டவணை வரியை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"பதிவு சாராதது எண்டா?"

"அது... சுவாமிமார் எழுதாதது எண்டு."

"கணக்கில இல்லையோ?"

இல்லை, கணக்கில்தான், அது வேறு அர்த்தம், இது எங்கள் தொழில் வார்த்தை. என்னென்னவோ சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தரையைத் துடைக்கப் போனார். இன்று பிஸ்கட் வரவில்லை. தேத்தண்ணி வந்தது.

வீட்டுக்கு வந்து அந்த வரியை மூன்று விதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். மூன்றும் பிழை மாதிரி. முதலில் எழுதியதும் பிழை மாதிரி. அப்படியே விட்டேன்.

ஒக்ரோபர் 24, வெள்ளி

பாதர் சந்தோஷமாக வந்தார். சிலாபப் பக்கத்து ஆள், நல்லவர். தமிழ் நன்றாகக் கதைப்பார், கோபம் வந்தால் மட்டும் சிங்களம்.

"உங்கட சிபாரிசு சரிவந்திட்டு மிஸ். புதன்கிழமை வேன் வருது. எல்லாப் புத்தகமும் ஆயர் இல்லத்துக்கு. ஏசி அறை ஒண்டு குடுத்திருக்கிறாங்க."

முதலில் மகிழ்ச்சி. நான் எழுதுகிற சிபாரிசு கோப்போடு தூங்குவதுதான் வழக்கம், முதல் தடவையாக யாரோ கேட்டிருக்கிறார்கள். உம்மாவுக்கு போனில் கூடச் சொன்னேன்.

பிறகுதான் திருநாள் ஞாபகம் வந்தது. புதன் வேன். திருநாள் அதற்கு அடுத்த ஞாயிறு.

கேட்டேன். "படம் பிடிச்சு, பிரின்ட் எடுத்து வாசிக்கட்டும்" என்றார் பாதர். நியாயம்தான். வெளியே வந்து மூப்பரிடம் அதையே சொன்னேன். மறுக்கவில்லை, கோபப்படவுமில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "பிரின்ட்டில அவங்க இருக்க மாட்டாங்களே மிஸ்" என்றார்.

பெயர் பெயர்தானே? தாளிலா இருக்கிறார்கள்? பதில் என் வாயில் இருந்தது. ஸ்பானரை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

ஒக்ரோபர் 29, புதன்

வெயில், காற்றில்லை. கருவாட்டு மணம் அறைக்குள்ளேயே.

நான் போகும்போதே பின் அறை வாசலில் பெண்கள் இருந்தார்கள். பாய் விரித்து, செபமாலை கையில். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நடுவில் பிலோமினாக்கா. எனக்கு வழி விட்டார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

வேன் டிரைவர் சிங்களத்தில் கேட்டார், இன்றைக்குத் திருநாளா என்று.

பாதர் பொறுமையாகத்தான் தொடங்கினார். இந்தப் புத்தகம் பத்து வருடத்தில் தூளாகப் போகும், அப்போது என்ன வாசிப்பீர்கள் என்று கேட்டார். பெண்கள் செபமாலை உருட்டினார்கள். பிறகு சிங்களம். அதற்கும் பாய் சுருளவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"பரீனா மிஸ், நீங்க விளங்கப்படுத்துங்க. நீங்கதானே எழுதினது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான் எழுதியது என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

ஈரத்தைப் பற்றிச் சொன்னேன். கறையானைப் பற்றி, மை மங்குவதைப் பற்றி. ஒரு மீனவர் பின்னாலிருந்து மரியாதையாகவே கேட்டார்: "உங்கட பள்ளிவாசல்ல இருக்கிற பழைய கிதாபுகள இப்பிடி ஒரு வேன் வந்து ஏத்தினா, நீங்க விட்டிருப்பீங்களா?"

விட்டிருப்போமா? வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் தெரியவில்லை. நான் விட்டிருப்பேன். எங்கள் ஆட்கள்?

பாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு சொல்லு சொல்லுங்க. இத ஏத்திக்கொண்டு போக ஏலுமா, ஏலாதா?"

ஏலும். நல்லபடி கட்டினால் ஏலும். எனக்குத் தெரியும்.

"மற்றதெல்லாம் போகலாம் பாதர். ம.பு. முதுகு கழண்டிருக்கு. தைக்காமல் அசைச்சா பக்கம் உதிரும். இந்த வருசம் ஏலாது."

 "ஹரி, மிஸ்" என்று பாதர் சிங்களத்தில் சரி சொன்னார். அவ்வளவுதான்.

மற்றப் புத்தகங்கள் வேனில் ஏறின. பெண்களே தூக்கிக் கொடுத்தார்கள். ம.பு. அலுமாரியில்.

நான் சொன்னது பொய்யா? முதுகு கழன்றது உண்மை. உதிரலாம் என்பதும் உண்மை. இருந்தும் பொய் சொன்ன மாதிரியே இருக்கிறது. பிலோமினாக்கா போகும்போது என் கையைப் பிடித்தார். அதுவும் பொறுக்கவில்லை.

ஒக்ரோபர் 30, வியாழன்

அலுமாரியின் அடித்தட்டில் புதிய கறையான் மண். ம.பு.வுக்கு ஒரு தட்டுக் கீழே.

மூப்பரிடம் காட்டினேன். மண்ணெண்ணெய் பூசலாம் என்றார். ஐயோ வேண்டாம் என்றேன். இருவருமாக அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். அலுமாரிக் கால்களுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய சிரட்டை.

நேற்று வேனில் போயிருந்தால் இந்நேரம் பத்திரமாக இருந்திருக்கும். என் பேச்சால்தான் இங்கே இருக்கிறது. ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? பாதரா, அவர்களா? நான்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

போகத் தேவையில்லை, விடுமுறை நாள். புத்தகத்தைக் கவனமாகத் தூக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

சேமக்காலை கடலுக்குப் பக்கத்தில், மணல். குழி எல்லாம் சுத்தம் பண்ணி, பூ, மெழுகுதிரி. காற்றில் திரி நிற்கவில்லை, சுற்றிச் செங்கல் வைத்திருந்தார்கள். பாதர் செபம் சொல்லி முடித்து ஒதுங்கி நின்றார். என்னைக் கண்டு தலையசைத்தார்.

புத்தகத்தைக் குருசடித் திண்ணையில், நான் கொடுத்த துணியின் மேல் வைத்தார்கள். பக்கம் பறக்காமல் பிலோமினாக்கா இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தார். மூப்பர் வாசித்தார். ராகம் ஒன்றுமில்லை, வீட்டில் ஆளைக் கூப்பிடுவது போல, ஒவ்வொரு பெயராக. ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் யாரோ ஒருவர், ஆமென்று பதில் தருவது போல, "ஓம்" என்றார். சில பெயர்களுக்கு யாருமே இல்லை. அவற்றுக்கு எல்லாரும் சொன்னார்கள்.

கடைசிப் பெயருக்குப் பிலோமினாக்கா "ஓம்" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். மூப்பர் நிமிர்ந்து, "வேற ஆரும் இருக்கா?" என்று கேட்டார். வருடா வருடம் கேட்பாராம், வழக்கம். 

"நிஸார்."

என் குரல்தான். சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

உம்மாவின் தம்பி, என் மாமா. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கற்பிட்டியிலிருந்து யாருடையதோ போட்டில் போய்த் திரும்பாதவர். வீட்டில் இதைப் பற்றிக் கதையே கிடையாது.

இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். மூப்பர் பாதரைப் பார்த்தார், பாதர் கடலைப் பார்த்தார். மூப்பர் சட்டைப் பையிலிருந்து போல்பொயின்டை எடுத்தார். வேண்டாம், அந்தத் தாளில் அந்த மை கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.  எழுதினார். பிறகு வாசித்தார். "ஓம்" என்று பிலோமினாக்கா சொன்னார், எனக்கு முன்னாலேயே.

இது கூடுமா, கூடாதா? கத்தோலிக்கரின் மரணப் புத்தகத்தில் மாமா. மௌலவியிடம் கேட்கலாம். கேட்டால் பதில் வரும். அதனால் கேட்கவில்லை.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்திலிருந்த பெண் ஜன்னலோர இடத்தைத் தந்தார்.

நவம்பர் 3, திங்கள்

மழை. வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று அறிவித்தேன். காய்ச்சல் இல்லை.

மத்தியானம் உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். முதலிலிருந்து எல்லாவற்றையும், வேன், பாதர், சேமக்காலை, பெயர். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். உம்மா கத்தியை வைக்கவில்லை. இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"எங்கட வாப்பாட பேரையும் சேத்துத்தானே சொன்ன?"

"இல்ல உம்மா. பேர மட்டும்."

"அப்ப எந்த நிஸார்ண்டு ஆருக்குத் தெரியும்? நாளைக்குப் போனா சரியாச் சொல்லி எழுதச் சொல்லு."