அப்பா சொன்ன நாற்பது

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், உன் இருமல் விட்டதா என்று எழுது, வெந்நீர் குடி. இங்கே சுகமில்லாமல் கிடப்பது லாரிதான். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், பதினோரு நாளாக லோடு எடுக்காத மனுஷர் வேறெங்கே போவார், அதனால்தான் கடிதம்.

முதலில் ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. மறுநாள் கியர் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது, வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்ப முக்கி முனகியது. அப்பா, முப்பது வருஷமா ஓட்டுறேன், என் காலுக்குத் தெரியாத வேகமா என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தொழிற்சாலைக்கு லோடு ஏற்றப் போய்விட்டார். அன்றைக்குப் பாலம் தாண்டி வளைவில் லோடிலிருந்த இரண்டு பெரிய கண்ணாடி விரிசல் விட்டது. நாற்பதில்தான் வந்தேன் என்று இவர் சொல்ல, நாற்பதில் வந்தால் இப்படிச் சாயுமா அண்ணே என்று லோடு சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார். முள் ஆடணும், விளக்கு அணையணும், அதுவரைக்கும் லோடு கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அது கூட இவருக்குப் பெரிதில்லை, தன் கால் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் பெரிது. வண்டியைக் கொடுத்துவிடலாமா என்று சாப்பிடும்போது இரண்டு தடவை கேட்டார். முட்டிவலிக்கு நல்லது என்று தானாகக் கியர் மாறும் வண்டியை வாங்கச் சொன்னது நீதான், அதற்காக உன் மேல் கோபம் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, அவள் மேல் எனக்கென்ன கோபம், வயசு மேலதான் என்றார்.

பட்டறைக்குக் கொண்டுபோகும்போது நானும் ஏறிக்கொண்டேன். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வாட்ச்சில் எண்ணினேன். இப்போது என்ன வேகம் என்று கேட்டேன், நாற்பது என்றார். நாற்பது என்றால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தொண்ணூறு நொடி ஆக வேண்டும். அறுபத்தைந்து, அறுபத்து மூன்று, அறுபத்தாறு என்று மூன்று தடவையும் குறைவாகவே வந்தது, கணக்குப் போட்டால் வேகம் ஐம்பத்தைந்து. மருந்துச் சீட்டின் பின்பக்கம் குறித்து மடித்து வைத்துக்கொண்டேன்.

கியர்பாக்ஸ் மெக்கானிக் பெட்டியையே இறக்கிப் பிரிக்கணும் என்றார். முள் ஆடாததற்குக் கியர்பாக்ஸை ஏன் இறக்கணும் என்று எனக்குக் குழப்பம். அப்பா வேறு மீட்டர் வாங்கி மாட்டினார், அதிலும் முள் படுத்தே கிடந்தது. பிறகு வயரிங் வேலை செய்கிறவர் வந்து, கியர்பாக்ஸின் வால் பக்கம் ஒரு சென்சார் இருக்கும்மா, சக்கரம் என்ன வேகத்துல சுத்துதுன்னு முள்ளுக்கும் அதுதான் சொல்லும், கியர் மாத்துற மூளைக்கும் அதுதான் சொல்லும், அது ஊமையானா ரெண்டும் முழிக்கும் என்றார். இதுதான் கொஞ்சம் புரிந்தது. புது சென்சார் போட்டார்கள். அப்போதும் விளக்கு எரிந்தது. எல்லோரும் என்னைவிடக் குழம்பி நின்றார்கள். கடைசியில் வண்டிக்கடியில் படுத்த வயரிங்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். சென்சாரிலிருந்து வரும் ஒயர் சைலன்சர் குழாயோடு சேர்த்துப் பச்சை நைலான் கயிற்றால் கட்டியிருந்தது, சூட்டில் உருகி உள்கம்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நம் வீட்டுக் கொடிக்கயிறுதான். போன மாதம் வண்டி கழுவும்போது ஒயர் தொங்குகிறதே, அசிங்கமாக இருக்கிறதே என்று இழுத்துக் கட்டியவள் நான்தான். இரட்டை முடிச்சு வேறு. வயரிங்காரர் சிரித்துக்கொண்டே, முடிச்சு நல்லா இறுக்கமா இருக்கும்மா என்றார்.

ஒயரை மாற்றினதும் முள் எழுந்தது, விளக்கு அணைந்தது. என் குழப்பம் மட்டும் அணையவில்லை. மேல் கியர்லயே மாட்டிக்கிட்டா இஞ்சின் சத்தம் கம்மியா கேட்கும், யாரா இருந்தாலும் மெதுவா போறோம்னுதான் நினைப்பாங்க என்று வயரிங்காரர் சொல்கிறார். நிஜமாகச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை. அப்படியானால் கண்ணாடி உடைந்ததற்கு என் முடிச்சு காரணம். இல்லையென்றால் அப்பாவின் கால். முடிச்சை மட்டும் சொன்னால் உற்சாகமாகச் சாவியை எடுத்துவிடுவார், கல்லுக்குக் கல் எண்ணியதைச் சொன்னால் வண்டியை விற்றுவிடுவார். இரண்டு நாள் யோசித்தேன். நேற்று சாயந்திரம் இரண்டையும் சொல்லிச் சீட்டையும் கையில் கொடுத்தேன். முடிச்சுக்குத் திட்டுவார் என்று பார்த்தால் அதைக் காதிலேயே வாங்கவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உன் வாட்ச் சரியா ஓடுதா என்று கேட்டார். சின்னவனின் போனோடு வைத்துப் பார்த்தோம், சரியாகத்தான் ஓடுகிறது. அப்புறம் எழுந்துபோய் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வர்றேன், கூட ஒரு ஆள் வரும், அதுக்கும் கேட் பாஸ் போட்டு வையுங்க என்றார். போனை வைத்துவிட்டு வாட்ச்சை என் பக்கம் தள்ளி வைத்தார்.

நான் செய்தது சரிதானா என்று இன்னும் பிடிபடவில்லை, உனக்குப் புரிந்தால் எழுது. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், திங்களிலிருந்து காலை ஆறு முதல் பத்துவரை வீட்டுக்குப் போன் செய்யாதே, எடுக்க ஆள் இருக்காது.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா