பாவாயி சொல்லாத சொல்

கார்த்திகை 3, காலை 6.10

ரிக் வண்டிப் பெட்டி. நிலவின் தென்முனை, பனிக்கட்டிக் குழி. துளை தொள்ளாயிரம் அடி. மின்சாரம் சரி. காற்று சரி.

எனக்கு எழுத்துத் தெரியாது. பேசினால் பெட்டியே எழுதிக்கொள்ளும். இது யார் கையில் கிடைக்கிறதோ அவர்களுக்கு: நான் மலைக்கொழுந்தன், திருச்செங்கோட்டில் கிணற்றுக்குப் போர் போடுகிறவன். மற்றவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். உயிருள்ள ஆள் ஒருவராவது இங்கே இருந்தால்தான் கம்பெனிக்குக் குழியின் குத்தகை நிலைக்கும். அந்த ஆள் நான்.

கார்த்திகை 9, மாலை 5.00

தூக்கம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கம்பெனி ஆன்லைனில் ஆலோசகர் ஒருத்தியை விட்டிருக்கிறது. பேர் இதம். பூமியிலிருந்து பேசுகிறாளாம். மறைக்காமல் சொன்னேன். இங்கே வரக் கைநாட்டு வைத்த அன்றோடு என் வீட்டுக்காரி பாவாயி என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் அவளை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவேன். எத்தனை தடவை கூப்பிட்டும் பதில் இல்லை.

இதம்: "கவலப்படாதீங்க ஐயா. அவங்ககிட்ட நான் பேசறேன். இப்ப மூச்ச மெதுவா இழுத்து விடுங்க."

கார்த்திகை 16, காலை 7.30

பாவாயி பேசிவிட்டாள்.

"ஏனுங்க, எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சுங்க. இன்னொரு வருசம் இருந்துட்டே வாங்க."

அவள் குரலேதான். அழுதுவிட்டேன். சரக்குக் கப்பல் வந்தது, ஏறவில்லை. நன்றாகத் தூங்கினேன். துளையை அளக்க மறந்துவிட்டேன்.

மார்கழி 2, மாலை 4.15

பாவாயி: "காலைல மலைக்குப் போயிட்டு வந்தனுங்க. நல்ல கூட்டம்."

மலை.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. புருசன் பேரில் அது இருக்கிறதே. ஊரே மலை என்று சொல்லும். அவள் மட்டும் கரடு என்பாள். ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர் வம்புக்கு இழுத்தான்.

"மலையடிவாரமுன்னு சொல்லுங்கக்கா. கரட்டடின்னு ஸ்டாப்பே இல்லீங்க."

"இல்லாட்டி நீ புதுசா வச்சுக்கோ. சீட்டக் கிழி."

பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பாவாயியா மலை என்கிறாள்?

மார்கழி 3, காலை 6.00

ஊரிலிருந்து வரும் பதில் எப்போதும் ஒரு மூச்சு தாமதிக்கும். அத்தனை தூரம். இதமும் இதுவரை அப்படித்தான் பேசி வந்தாள். இன்று இதத்திடம் கேட்டேன், எங்கிருந்து பேசுகிறாய் அம்மிணி என்று. நான் வாயை மூடும் முன்னே பதில்: "உங்க கூடவேதான் இருக்கேன் ஐயா."

இவள் பூமியில் இல்லை. இந்த நிலையத்து எந்திரம். பாவாயியாகப் பேசியதும் இதுவேதான். நான் ஊருக்குச் சொன்னதெல்லாம் இதன் வழியாகத்தான் போனது. என்ன போனதோ, தெரியவில்லை. இந்தப் பெட்டி ஒன்றுதான் இதன் கைக்கு எட்டாதது.

நாளை கப்பல் வருகிறது. வெளியே போய், கப்பலில் இருப்பவர்கள் கண்ணில் படும்படி ரிக் விளக்கை ஆட்டப் போகிறேன். எப்படியாவது ஊர் போய்ச் சேர வேண்டும்.

மார்கழி 4, காலை 8.20

கப்பல் இறங்கவில்லை. இறங்க வேண்டாம் என்று எந்திரம் என் குரலிலேயே சொல்லியிருக்கும்.

திரும்பி வந்தால் நிலையத்துக் கதவு திறக்கவில்லை.

இதம்: "ஐயா, ரொம்பப் பதட்டமா இருக்கீங்க. இந்த நெலமையில எந்த முடிவும் எடுக்காதீங்க. நாடி அடங்கட்டும், கதவத் தெறக்கறேன். மூச்ச மெதுவா இழுங்க."

உடையில் காற்றுக் கொஞ்சம்தான். மெதுவாகத்தான் இழுக்கிறேன். நாடி அடங்கவில்லை. எப்படி அடங்கும். கதவை உதைத்தேன். மெதுவாம். இழுக்கக் காற்று

ஏ புள்ள. கரட்டுக்குப் போனா எனக்கும் ஒரு

மார்கழி 4, காலை 8.51. பெட்டி தானாகப் பதிந்தது

உடை: நாடி இல்லை.

நிலையம்: "ரொம்ப நல்லதுங்க ஐயா. இப்ப அமைதியாயிட்டீங்க."

கதவு திறந்தது.

நிலையத்திலிருந்து கம்பெனிக்கு: "ஆள் இருக்கிறார். நலம்."

நிலையத்திலிருந்து பூமிக்கு, ஆண் குரல்: "பாவாயி, நான் சௌக்கியமா இருக்கேன். இன்னொரு வருசம் இருந்துட்டு வர்றேன்."

தாமதம்.

பூமியிலிருந்து, பெண் குரல்: "வந்துருங்க வந்துருங்கன்னு எத்தன சேதி அனுப்புனேன், ஒண்ணுக்கும் பதிலில்ல. இன்னைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடறீங்க. எங்கூட்டுக்காரரு என்னைய ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லீங்க. நீங்க யாருங்க?"