வராத வரிப்பணத்தில் வேளாங்கண்ணி

1-3-1981, ஞாயிறு இரவு

களம்பூர் போயிருந்தேன். என்னைப்போலவே ரிட்டயர் ஆன சவரிமுத்து வாத்தியார், ரேடியோவில் பட்ஜெட் கேட்டாராம். “சட்டம் மாறுது சார், நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வருமான வரி நெறைய திரும்பி வரும்” என்றார்.

அவ்வளவுதான். ஆரணி பஸ்ஸில் உட்கார்ந்ததுமே அந்தப் பணத்தில் வேளாங்கண்ணி போய்விட்டேன். நானும் என் வீட்டுக்காரி மேரியும் அலையில் நின்றோம். அவள் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து மேரியிடம் எல்லாம் சொன்னேன், அலை உட்பட. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“உங்க பென்ஷன்ல என்னிக்குங்க வரி புடிச்சாங்க? புடிச்சாத்தானே திருப்பித் தருவாங்க?”

காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான்!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்: “அலையில நின்னுகினு இருந்தோமே, தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சாங்க?”