சோதனை மேசையில் உன் அப்பாவின் மூச்சு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், அதில் பாதிதான் உண்மை. நீ அங்கே உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே.

இப்போது வந்தால் நம் தெருவே உனக்கு அடையாளம் தெரியாது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூச்சுச் சத்தத்தை வைத்து நெஞ்சு நோயைச் சொல்லும் கருவி ஒன்றை நீங்கள் நாலைந்து பேர் உருட்டிக்கொண்டிருந்தீர்களே, அது இன்று பெரிய கம்பெனி. பின்பக்கக் காலி மனையில் மூன்று மாடி எழும்பிவிட்டது. கருவிக்குக் கூடு செய்ய ஒரு பட்டறை, ஒயருக்கு இன்னொன்று, வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை என்று ஊரே மாறிப்போச்சு. பிழைக்கப் போன பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள், எதிர்வீட்டுத் தையல்காரர் மகன்கூட வந்துவிட்டான். "உங்க பையன் தொட்டு வச்ச வேலைங்க, எங்க வீட்ல அடுப்பெரியுது" என்கிறார். எனக்குப் பெருமைதான், ஆனால் தொட்டு வைத்தவன் மட்டும் வரவில்லை.

உன் தங்கைக்கும் போன மாதம் அங்கேயே வேலை கிடைத்தது, தயாரான கருவிகளைச் சோதிக்கும் மேசையில். வாய் ஓயாதவள் முதல் நாள் சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகுதான், "அம்மா, அங்க அப்பா மூச்சு விடுறாரும்மா" என்றாள். போய்ச் சேர்ந்த மனுஷன் எங்கேடி மூச்சு விடுவார் என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். நீ ஆராய்ச்சி செய்தபோது அப்பாவைக் கூட்டிப்போய் அவருடைய மூச்சிரைப்பைப் பதிவு செய்தாயே, அதைத்தான் இன்றைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் போட்டுக் காட்டுகிறார்களாம். கருவி அதைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் பெட்டிக்குள் போகும். இவள் அதை நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அது யாருடைய மூச்சு என்று அங்கே புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. பிறகு தினமும் அதே கதைதான், பெண் பாதியாக இளைத்துவிட்டாள்.

நானே போனேன். உன்னோடு படித்த சுருட்டைமுடிக்காரன்தான் மேலாளர், உட்காரவைத்து முழுப் பதிவையும் போட்டான். முதலில் உன் குரல், "இன்னொரு தடவ இழுத்து விடுங்கப்பா." அதற்கு அவர், "எத்தன தடவடா, நான் என்ன சைக்கிள் பம்பா?" பிறகு அந்த இரைப்பு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பது போலவே இருந்தது, அழுதுவிட்டேன். "நீங்க சொன்னா வேற ஆளோட சத்தத்த வச்சுக்கிறோம்மா" என்றான். மாற்ற வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவருக்கு மூச்சுவிட இன்னும் ஓர் இடம் இருக்கிறதே என்ற ஆசை. ஆனால் இத்தனை வீட்டுக்குச் சோறு போடும் மூச்சு, பெற்ற பெண்ணுக்கு ஒரு வாய் இறங்கவிடவில்லை. மாற்றிவிடு தம்பி என்று சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து வேறு யாருடைய மூச்சோ ஓடுகிறது, இவளும் கொஞ்சம் சாப்பிட்டாள். உன்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

அப்பா போன அன்றைக்கு உன்னால் வர முடியவில்லை, அந்த வேதனையில்தான் வீட்டுப் பக்கமே தலைகாட்டாமல் இருக்கிறாய். பெற்றவளுக்குத் தெரியாதா? அவர் உன்மேல் ஒரு குறையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சுருட்டைமுடிக்காரன் அந்தப் பதிவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறான். எனக்கு அதைப் போடத் தெரியாது, உன் தங்கை தொட மாட்டாள். நீ வந்து போட்டால்தான் நான் உங்கள் இரண்டு பேரையும் கேட்க முடியும்.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா