சத்தம் அடங்கிய பின்வண்டி

1936 பிப்ரவரி 9, ஞாயிறு

தேவப்பிரியம், இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மங்கைக்குப் பல் முளைக்கிறது. எட்டு மாசக் குழந்தைக்கு இத்தனை ஆத்திரமா! இப்போதுதான் கண் மூடினாள். மாசா மாசம் நாட்குறிப்பை உனக்குத் தபாலில் அனுப்புவதாகக் கல்லூரியில் வாக்குக் கொடுத்தேனே, அதற்காகத்தான் இது.

இவர் கம்பெனி லாரியோடு மல்லாடுகிறார். வண்டி ரிப்பேர் பார்க்கும் பிட்டர் வேலையில் இதுவரை பார்க்காத மாதிரி வண்டியாம். லாரி இழுத்துப்போகிற பின்வண்டிக்கு முன்சக்கரமே கிடையாது. அதன் அடியில் ஓர் இரும்பு முளை. அது லாரியின் முதுகிலுள்ள வட்டத் தட்டில் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். சீமையிலிருந்து வந்த பின்வண்டி ஒழுங்காக உட்காருகிறது. திருவொற்றியூர்ப் பட்டறையில் செய்த இன்னொன்றோ துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை லொடலொடவென்று இடித்துக்கொண்டே போகிறது. மானேஜர் இவரைத்தான் திட்டுகிறார்.

பிப்ரவரி 10

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்தார். "நீதான் காலேஜு படிச்சவளாச்சே. இன்னா போட்டுக்கீதுன்னு பாத்து சொல்லு."

படித்தேன். சத்தம் வந்தால் தட்டிலுள்ள பழைய கிரீஸை வழித்துத் துடைத்துவிட்டுப் புதிது பூச வேண்டும்.

"கரெக்டு. கடலோரத்து மணலு அதுல ஒட்டிக்கினு அரம் மாதிரி ராவுது" என்றார்.

அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது மங்கை வீறிட்டாள். தொட்டால் உடம்பு அனல்.

"அப்பால இன்னா?"

"அதேதான். கிரீஸை நிறையப் போடச் சொல்கிறான்" என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 14

சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு வரதன்தான் லாரியில் பின்வண்டியைப் பூட்டுகிற ஆள். சாயந்திரம் வாசலில் நின்று கத்தினார்: "இன்னா மாமு, வண்டிய ஊமையாக்கிட்டியே! அந்த கிரீஸ்ல கொஞ்சம் குடு, கெங்கா வாய்க்கும் பூசிப் பாக்கறேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி கெங்கம்மா: "மொதல்ல உன் வாய்ல பூசு, தெருவே நிம்மதியா தூங்கும்!"

மங்கைக்கு ஜுரம் விட்டது. நல்ல நாள்.

பிப்ரவரி 20

வரதன் செத்துப்போனார்.

பிப்ரவரி 21

எண்ணூர் ரோட்டு வளைவில் முளை கழன்று பின்வண்டி சாய்ந்திருக்கிறது. மூட்டைகள்மேல் உட்கார்ந்து வந்த மனுஷன் — வேண்டாம், எழுத முடியவில்லை.

இவர் சாப்பிடவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்.

அன்று படிக்காமல் மூடிய அந்தப் பக்கத்தை இன்று படித்தேன். முளை ஒல்லியாக இருந்து ஆட்டம் கண்டால், கிரீஸ் சத்தத்தை மறைக்குமே தவிர ஆட்டத்தை நிறுத்தாது. முளையை மாற்றும் வரை வண்டியை ரோட்டில் விடக் கூடாது. நாலே வரி. நாலு வரி படிக்க எவ்வளவு நேரமாகும்? புள்ள இன்னும் கொஞ்சம் அழுதிருந்தா இன்னா ஆயிருக்கும்?

பிப்ரவரி 25

வரதன் சரியாகப் பூட்டாததால்தான் விபத்து என்று மானேஜர் எழுதிவிட்டாராம்.

கெங்கம்மா வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "யக்கா, பூட்டிட்டு ரெண்டு வாட்டி இழுத்துப் பாக்காம கைய எடுக்க மாட்டாரு. அன்னிக்கி மட்டும் எப்டிக்கா மறந்தாரு? காலைல நான் சண்ட போட்டேனே, அந்த நெனப்புலயே இருந்துட்டாரா?"

நான் மங்கையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 26

இவரிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஆட்டம் எனக்கும் தெரியும்டி. கைல புடிச்சி ஆட்டிப் பாத்தேன். சத்தம் நின்னா மானேஜர் வாயும் நிக்கும்னு வுட்டுட்டேன்." பிறகு, "எழுது. நடந்தத அப்டியே கம்பெனிக்கு இங்கிலீஷ்லயே எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"வேலை போய்விடுமே?"

"போவும்."

பிப்ரவரி 27

எழுதினேன். அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டேன்.

மார்ச் 9

வரதன்மேல் குற்றமில்லை என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். இவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கெங்கம்மாவுக்கு அதை வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே போய்ச் சொன்னேன். பக்கத்தைப் படிக்காதது, பொய் சொன்னது, எல்லாம்.

"அப்போ, நான் போட்ட சண்டயால இல்ல?"

"இல்லை, கெங்கா."

அழுதாள். கிட்டே போய் உட்கார்ந்தேன். "எந்திரிச்சிப் போக்கா" என்றாள்.

மார்ச் 15

குழாயடியில் என்னைக் கண்டால் பாதிக் குடத்தோடு திரும்பிவிடுகிறாள். கம்பெனி வீட்டை மாசக் கடைசியில் காலி செய்ய வேண்டும். இவர் மீஞ்சூர் வரை பட்டறை பட்டறையாக ஏறி இறங்குகிறார். விஷயம் இவருக்கு முன்னாலேயே போய்விடுகிறது.

தேவப்பிரியம், உன் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புக்கு வாத்தியாரம்மா தேவை என்று எழுதியிருந்தாயே. கைக்குழந்தைக்காரியை எடுப்பார்களா? இந்தப் பக்கங்களில் ஒன்றையும் கிழிக்காமல்தான் அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு, உனக்குச் சம்மதமென்றால் மட்டும் அவர்களிடம் கேள். எதுவானாலும் சீக்கிரம் பதில் போடு.